காதோரம் இறங்கும் நிறம்

பெங்களூர் சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் முயல் குட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் கேட்கிறார்கள். ஆணா பெண்ணா என்பதுகூட அப்புறம்தான். என்ன வயது, தாயிடமிருந்து எப்போது பிரித்தார்கள், புல் தின்னப் பழகிவிட்டதா என்றெல்லாம் கேட்பவர்கள் மிகக் குறைவு. 1927இல் கட்டப்பட்ட அந்தச் சந்தையைச் சுற்றித் தமிழும் தக்கினி உருதும் கன்னடமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து புழங்கும். எந்த மொழியில் பேசினாலும் முயலுக்கான பேரம் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறது: வெள்ளையா, கலரா? கம்பிக் கூண்டுக்குள் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். வாங்குகிறவர் ஒன்றைச் சுட்டிக்காட்டுவார். அட்டைப் பெட்டியில் நாலு துளை போட்டு, அதை உள்ளே வைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

அந்தப் பெட்டிக்குள் போகும் குட்டிக்குப் பெரும்பாலும் ஐந்தாறு வாரம்தான் ஆகியிருக்கும். அப்போது அதன் உடம்பில் இருப்பது குட்டி ரோமம். சீக்கிரமே அது உதிரத் தொடங்கும். இடைக்காலத்துக்கு ஒரு ரோமம் முளைக்கும். நான்காம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் நடுவில் அதுவும் கழிந்து, வளர்ந்த முயலின் ரோமம் வந்து நிலைக்கும். வாங்கியவர் எதைப் பார்த்துக் காசு கொடுத்தாரோ, அதில் ஒரு மயிரிழைகூட அடுத்த தீபாவளிக்கு மிஞ்சாது. கறுப்பு என்று வாங்கியது சாம்பலாகலாம். சாம்பல் என்று வாங்கியது பழுப்பாகலாம். பால் வெள்ளை என்று வாங்கிய குட்டிக்கு மூக்கும் காதும் கறுத்துக்கொண்டு வரலாம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் கோபப்படுவார்கள், நோய் வந்துவிட்டது என்று சிலர் பயப்படுவார்கள். உண்மையில் அந்தக் குட்டி வளர்கிறது, அவ்வளவுதான்.

முயல் குட்டி கண் மூடி, வெறும் தோலோடு பிறக்கிறது. ஈனுவதற்குச் சற்று முன்னால் தாய் தன் மார்பிலும் வயிற்றிலும் உள்ள ரோமத்தைத் தானே பிடுங்கி, காய்ந்த புல்லோடு சேர்த்து மெத்தை கட்டும். குட்டிகள் அந்தக் கதகதப்புக்குள் ஒண்டிக்கிடக்கும். தாய் நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோதான் சில நிமிடம் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். ஒரு வாரத்தில் மெல்லிய ரோமம் படரும். பத்து நாள் வாக்கில் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் கூட்டைவிட்டு வெளியே எட்டிப்பார்க்கும்.

நம் ஊர்க் காட்டு முயலின் பிறப்பு இதற்கு நேர்மாறானது. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் அம்பு படும் முயலும், நிலாவில் நம் பாட்டிமார் காட்டிய முயலும் இந்தக் காட்டு முயல்தான். பிடரியில் கறுப்புத் திட்டு உள்ளது. லீபஸ் நிக்ரிகோலிஸ் என்பது அதன் விலங்கியல் பெயர். அது வளை தோண்டுவதில்லை. புல்லுக்கு நடுவே ஒரு சிறு பள்ளத்தில், வெட்டவெளியில் குட்டி போடும். அதனால் அதன் குட்டி திறந்த கண்ணோடும் உடம்பு நிறைய ரோமத்தோடும் தரையின் நிறத்திலேயே பிறந்தாக வேண்டும். பருந்தின் கண்ணுக்குத் தப்ப அதற்கு முதல் நாளிலிருந்தே நிறம் தேவை. (1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.) நாம் வீட்டில் வளர்ப்பது ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து கிளம்பி உலகெங்கும் பரவிய ஐரோப்பிய முயலின் வம்சம். அது மண்ணுக்குள், வளையின் இருட்டில் பிறக்கிறது. பார்ப்பதற்கு யாரும் இல்லாத இடத்தில் பிறக்கும் உயிருக்கு நிறத்தில் அவசரம் ஏதும் இல்லை. பிறகு ஆற அமர வந்துசேர்ந்தால் போதும்.

அப்படி ஆற அமர வரும் நிறங்களில் பல வகை உண்டு. வெள்ளி முயல் என்றொரு பழைய இனம். குட்டி முழுக் கறுப்பாகப் பிறக்கும். ஒரு மாதம் கடந்தபின் ரோமத்துக்கு நடுவே வெள்ளை இழைகள் தலைகாட்டும். நான்கைந்து மாதத்தில் உடம்பெங்கும் வெள்ளி தூவியிருக்கும். ஷாம்பெய்ன் தார்ஜான் என்ற பிரெஞ்சு இனமும் இப்படித்தான், பிறக்கும்போது கரி, வளர்ந்தபின் வெள்ளி. நமக்கு நாற்பது வயதுக்கு மேல் நடப்பதுபோல் தோன்றினாலும் அங்கே முதுமைக்கு வேலையில்லை. குட்டி வாலிபத்துக்கு வருவதன் அடையாளமே அதுதான். முழுக் கறுப்பு முயலிலும் குட்டி ரோமம் கொஞ்சம் மங்கிப் புகையேறித் தெரியும். அசல் கறுப்பு ஆறு மாதத்தில்தான் வரும். காட்டுப் பழுப்பு நிறத்தில் உள்ள முயலின் முதுகில் மெல்ல ஊதிப் பாருங்கள். ரோமம் விலகிய இடத்தில் அடியில் நீலச் சாம்பல், நடுவில் செம்மஞ்சள், நுனியில் கறுப்பு என்று வட்ட வட்டமாகத் தெரியும். ஒரே இழை வளர்ந்துகொண்டிருக்கும்போதே அதன் வேரில் இருக்கும் செல்கள் கறுப்பையும் மஞ்சளையும் மாற்றி மாற்றி அனுப்பியதன் தடம் அது. குட்டியில் இந்தப் பட்டைகள் தெளிவாகப் பிரிந்திருப்பதில்லை. அதனால்தான் சந்தையில் ஏதோ மண்ணிறமாகத் தெரிந்த குட்டி, வளர்ந்தபின் யாரும் எதிர்பாராத அழகோடு நிற்கிறது.

இவற்றில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது ஹிமாலயன் என்று அழைக்கப்படும் வகை. அல்சூரில் எங்கள் குடியிருப்பில் ஒரு சிறுமிக்குப் பிறந்தநாள் பரிசாக வெள்ளைக் குட்டி ஒன்று வந்தது. சிவந்த கண். எந்தக் கறையும் இல்லாத வெள்ளை. சில நாட்களில் அதன் மூக்கில் ஏதோ சாம்பல் ஒட்டியதுபோல் தெரிந்தது. அவள் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“பாட்டி, இதுக்கு மூக்குல அழுக்கு போகவே மாட்டேங்குது.”

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அழுக்கு இல்லடி கண்ணு. அதோட நிறமே இப்பதான் இறங்குது. காதோரத்தைப் பாரு, அங்கயும் கறுத்துட்டு வருது பாரு. நீ பொறந்தப்பவும் ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க அத்தன பேரும் உன் காதைத்தான் பாத்தாங்க.”

அந்தப் பாட்டி உயிரியல் படித்தவர் இல்லை. ஆனால் அவர் சொன்னது முயலின் விஷயத்தில் அட்சரம் பிசகாத உண்மை. ஹிமாலயன் குட்டி வெள்ளையாகத்தான் பிறக்கும். கூட்டைவிட்டு வெளியே வந்த சில வாரங்களில் காது, மூக்கு, கால், வால் ஆகிய நான்கு இடங்களில் மட்டும் கறுப்போ கரும்பழுப்போ இறங்கும். சார்லஸ் டார்வின் இதைக் கவனித்து, வளர்ப்பு விலங்குகளும் தாவரங்களும் அடையும் மாறுதல்களைப் பற்றி 1868இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். எப்போதாவது இந்த இனத்தில் சாம்பல் நிறக் குட்டி பிறந்து, பிறகு அந்தச் சாம்பலை உதிர்த்துவிட்டு வெள்ளையாவதையும் அவர் குறித்துவைத்தார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. பாரம்பரியம் எப்படி இறங்குகிறது என்பதை விளக்கும் மெண்டலின் கட்டுரை அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1866இல், அச்சாகிக் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

காரணம் குளிர். மெலனின் என்ற நிறமி உடம்பில் உருவாக டைரோசினேஸ் என்றொரு நொதி வேண்டும். ஹிமாலயன் முயலில் அந்த நொதியின் கட்டமைப்பில் ஒரு சிறு பிறழ்வு இருக்கிறது. உடம்பின் உள்சூட்டில் அது குலைந்துவிடும், வேலை செய்யாது. சூடு தணிந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து நின்று நிறமியைச் செய்யும். முயலின் உடல்வெப்பம் 39 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். காதுதான் அது தன் சூட்டை வெளியேற்றும் வழி. மெல்லிய தோல், நிறைய ரத்தக் குழாய், இரு புறமும் காற்று. ஆகவே உடம்பிலேயே குளிர்ந்த இடம் காது. அடுத்தது மூக்கு நுனி, கால், வால். தாயின் ரோம மெத்தைக்குள் உடன்பிறந்தவற்றோடு ஒட்டிக் கிடக்கும்வரை குட்டியின் எந்தப் பாகமும் குளிராது, எனவே வெள்ளை. வெளியே வந்ததும் காது குளிரும், கறுக்கும். டார்வின் கண்ட சாம்பல் குட்டிகளுக்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. மெத்தை விலகி உடம்பு முழுக்கக் குளிர் பட்ட குட்டிகள் அவை.

1915இல் வால்டர் ஷுல்ட்ஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் இந்த முயலின் வெள்ளை முதுகில் ரோமத்தை மழித்து, அங்கே கறுப்பு ரோமம் முளைப்பதைக் காட்டினார். பின்னால் வந்தவர்கள் மழித்த இடத்தைக் குளிரூட்டியும் சூடேற்றியும் பார்த்து, விஷயம் வெப்பநிலைதான் என்று உறுதிசெய்தார்கள். தொடர்ந்து 30 டிகிரிக்கு மேல் வளர்த்தால் காதுகூடக் கறுக்காது, முயல் முழு வெள்ளையாகவே நிற்கும். சயாமியப் பூனையின் கறுத்த முகத்துக்குப் பின்னால் இருப்பதும் இதே நொதியின் பிறழ்வு. மனிதர்களிலும் மிக அரிதாக இது காணப்படுகிறது. தலைமுடியும் அக்குளும் வெளுத்து, கைகால்களின் ரோமம் மட்டும் கறுத்திருக்கும்.

ஒரே மரபணுவுக்குப் பல வடிவங்கள் இருக்கலாம் என்று மரபியல் கற்றுக்கொண்டதில் இந்த முயலுக்குப் பங்குண்டு. 1913இல் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவண்ட் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே ஹிமாலயன் முயல் இருக்கிறது. டைரோசினேஸைச் செய்யும் மரபணுவின் வடிவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு படிக்கட்டு தெரியும். மேல்படியில் முழு நிறம். அடுத்தது மஞ்சளை இழந்து வெள்ளிச் சாம்பலாக நிற்கும் சின்சில்லா. அதற்கும் கீழே காது, முகம், கால் கருகி முதுகு மங்கும் வகை. பிறகு குளிர்ந்த இடத்தில் மட்டும் நிறம் காட்டும் ஹிமாலயன். கடைசிப் படியில் எந்த வெப்பநிலையிலும் நிறம் வராத, சிவந்த கண் கொண்ட அல்பினோ வெள்ளை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. 1965இல் தொடங்கிய அந்த மையத்துக்குப் போகிறவர்கள் இந்தப் படிக்கட்டின் இரண்டு படிகளை அருகருகே பார்க்கலாம், சோவியத் சின்சில்லாவும் ஒயிட் ஜயண்டும். ஒயிட் ஜயண்ட் மன்னவனூர்க் குளிரிலும் வெள்ளை, மதுரை வெயிலிலும் வெள்ளை. சந்தையில் ‘கடைசிவரை வெள்ளையாவே இருக்கும்’ என்று ஒரு குட்டியைப் பற்றிச் சொன்னால் அது இந்த வகையாக இருந்தால்தான் மெய். ஆனால் இரண்டு வார வயதில் அல்பினோவையும் ஹிமாலயனையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் கண் சிவப்பு.

ரோமம் வெளியே வந்தபின் அது உயிரற்றது. அதன் நிறம் வேரில் வளரும்போதே முடிவாகிவிடுகிறது. பிறகு குளிர் வந்தாலும் வெயில் வந்தாலும் உள்ளிருந்து மாற வழியில்லை. அந்தச் சிறுமியின் முயலுக்கு ஒரு மார்கழியில் விலாவில் கட்டி வந்து, மருத்துவர் அந்த இடத்தை மழித்துச் சிகிச்சை செய்தார். புண் ஆறியது. மழித்த இடத்தில் கையகலத்துக்குக் கருஞ்சாம்பல் ரோமம் முளைத்தது. போர்த்துக்கொள்ள ரோமம் இல்லாமல் பெங்களூரின் மார்கழி இரவில் குளிர்ந்த தோலிலிருந்து அது வந்திருந்தது. தை போய், மாசி போய், பங்குனி வெயில் கொளுத்தியபோதும் அந்தத் திட்டு அப்படியே இருந்தது. அடுத்த முறை ரோமம் உதிர்ந்தபோதுதான் போனது. சித்திரையின் புழுக்கத்தில் ஒரு மார்கழியின் குளிரை உடம்பில் சுமந்துகொண்டு அந்த முயல் பால்கனியில் படுத்திருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எந்த முயலைப் பார்த்தாலும் நாம் காண்பது அதன் கடந்த சில மாதங்களை என்று அப்போது தோன்றியது. இன்று அந்த உடம்பு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது தோலுக்கு அடியில் இருக்கிறது. அது நமக்குத் தெரிய இன்னும் சில வாரம் ஆகும்.

குளிர் எல்லா இடத்திலும் கறுக்கவைப்பதில்லை. வட அமெரிக்காவின் பனிக் காட்டு முயல் குளிர்காலத்தில் வெள்ளையாகிறது. ஆனால் அது குளிரைப் பார்த்து மாறுவதில்லை. பகல் சுருங்குவதைப் பார்த்து மாறுகிறது. பனி தாமதமாக விழும் ஆண்டுகளில், பழுப்பு நிலத்தில் அது வெள்ளையாக நின்று வேட்டை மிருகங்களுக்கு இரையாகிறது. வீட்டு முயலின் ரோமம் உதிரும் பருவத்தையும் பகல் நீளம்தான் பெரிதும் தீர்மானிக்கிறது. லண்டனில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். பதின்மூன்றாம் அட்சரேகையில் இருக்கும் பெங்களூரில் அது ஒன்றரை மணி நேரம்தான். ஐரோப்பியப் பருவங்களுக்குப் பழகிய உடம்பு இங்கே தெளிவான சேதி கிடைக்காமல் எப்போதென்று இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கிறது. நான் பார்த்த முயல்களில் முதுகில் புது ரோமமும் இடுப்பில் பழையதுமாக, நடுவில் ஒரு கோடு கிழித்ததுபோல் இரண்டு நிறத்தில் வாரக்கணக்கில் திரிந்தவை பல.

காதுக்குத் திரும்ப வேண்டும். பாட்டியின் அந்தச் சொல் எனக்குள் வேறொரு இடத்தில் தைத்தது. நம் வீடுகளில் பிரசவ வார்டுக்குள் நுழையும் பெண்கள் குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, உடனே காது மடலின் ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். நகக்கண்ணைப் பார்ப்பவர்களும் உண்டு. பிறந்த குழந்தை எல்லாமே சிவப்பாகத்தான் தெரியும், அசல் நிறம் காதில்தான் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தவறில்லை. பிறந்தபோது நிறமிச் செல்களின் வேலை முழு வேகத்துக்கு வந்திருக்காது. பிந்திய மாதங்களில்தான் தோலின் நிறம் தேறும். அதற்கு முன்னோட்டம் காட்டும் இடங்களில் காதோரம் ஒன்று. முயலின் காதில் நடப்பதற்கும் குழந்தையின் காதில் நடப்பதற்கும் காரணம் வேறு வேறு; முயலுக்குக் குளிர், குழந்தைக்குக் காலம். ஆனாலும் இரண்டு காதையும் திருப்பிப் பார்க்கும் கை ஒன்றுதான்.

அந்தக் கைதான் என்னை உறுத்துகிறது. இரண்டு நாள் வயதான உயிரிடம் நாம் முதலில் விசாரிப்பது, நீ இப்படியே இருப்பாயா, கறுத்துவிடுவாயா என்பது. கர்ப்பத்தில் குங்குமப்பூப் பால், பிறந்தபின் கடலை மாவும் பாலாடையும், பெண் குழந்தை என்றால் இன்னும் கூடுதலாக. குங்குமப்பூ ஒரு மரபணுவையும் அசைக்காது. கடலை மாவு தோலின் மேலே இருப்பதைத் தேய்க்குமே தவிர, நிறமி பிறக்கும் ஆழத்துக்குப் போகாது. கறுத்த காதோடு பிறந்த பெண் குழந்தையின் தாய், அந்த வார்டில் வந்துபோகும் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. காதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். அந்தத் தாய்க்கு அது போதுமானதாக இருந்தது.

நிறம் ரத்தத்தில் ஓடுகிறது என்ற பேச்சையும் முயல்தான் ஒருமுறை பொய்யாக்கியது. உடம்பின் எல்லா பாகங்களும் நுண்துகள்களை அனுப்ப, அவை சேர்ந்து சந்ததிக்குப் போகின்றன என்று டார்வின் கருதியிருந்தார். அந்தத் துகள்கள் ரத்தத்தில் இருக்குமானால் ரத்தத்தை மாற்றினால் சந்ததியும் மாற வேண்டும் அல்லவா? டார்வினின் உறவினரான ஃபிரான்சிஸ் கால்டன் வெள்ளிச் சாம்பல் முயல்களின் உடம்பில் வேறு நிற முயல்களின் ரத்தத்தைச் செலுத்தி, அவற்றை இனப்பெருக்கம் செய்யவைத்தார். குட்டிகள் கலப்பின்றி வெள்ளிச் சாம்பலாகவே பிறந்தன. 1871இல் அவர் அந்த முடிவை ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். ரத்தத்துக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை என்பதைத் தன் கையாலேயே நிரூபித்தவர் அவர். அதே கால்டன்தான் 1883இல், மனிதர்களில் நல்ல வித்தைப் பெருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு யூஜெனிக்ஸ் என்று பெயரிட்டார். அந்தப் பெயரால் அடுத்த நூற்றாண்டில் நடந்த கொடுமைகள் நமக்குத் தெரியும். முயலிடம் கற்ற பாடத்தை அவரே மனிதரிடம் கொண்டுவரவில்லை என்பதை நினைக்கும்போது எனக்குத் துக்கமாக இருக்கிறது. அறிவு ஒருவரின் கைக்கு வந்துசேர்வதற்கும் மனதுக்கு வந்துசேர்வதற்கும் இடையில் எவ்வளவோ தூரம் இருக்கிறது.

நிறத்தைப் பற்றி ஆசையோடு சிந்தித்த இன்னொருவர் இந்த ஊரில் வாழ்ந்தார். சி.வி. ராமன் 1933இல் பெங்களூருக்கு வந்து, அடுத்த ஆண்டு இந்திய அறிவியல் அகாதமியைத் தொடங்கினார். அதன் இதழில் 1934இல் பறவை இறகுகளின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று அவர் எழுதியிருக்கிறார். பனங்காடையின் நீலம் அதில் ஆராயப்பட்டது. கர்நாடகத்தின் மாநிலப் பறவையும் இன்று அதுதான். அந்த நீலத்தில் நீலச் சாயம் ஏதும் கிடையாது. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் பிறக்கும் நிறம் அது. முயலின் வெள்ளையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வெள்ளை முயலின் ரோமத்தில் வெள்ளை என்று ஒரு பொருள் கிடையாது. இழையின் நடுவே ஏணிப்படிகளாக அடுக்கிய அறைகளில் காற்று இருக்கிறது. கல்லுப்பைப் பொடித்தால் வெளுப்பதைப்போல, அந்த எண்ணற்ற சுவர்களில் ஒளி மோதித் தெறித்து வெள்ளையாகத் தெரிகிறது. நாம் விலை கூட்டிக் கொடுத்து வாங்குகிற வெள்ளை, நிறமி வராமல் போனதன் மிச்சம். கறுப்பைச் செய்வதற்குத்தான் உடம்பு மெனக்கெட வேண்டியிருக்கிறது.

அந்த மெனக்கெடலுக்குத் தீனியும் வேண்டும். டைரோசினேஸின் மையத்தில் இரண்டு தாமிர அணுக்கள் உள்ளன. தாமிரச் சத்து குறைந்த தீவனத்தில் வளர்ந்த கறுப்பு முயல்கள் சாம்பல் பூத்ததை ஆராய்ச்சிக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். கறுப்பு முயல் நாள் முழுக்க வெயிலில் கிடந்தால் ரோம நுனி துருவேறிச் செம்பட்டையாகும். இது நோய் இல்லை, அடுத்த உதிர்வில் சரியாகும். ஆனால் ரோமம் மங்கி, திட்டுத் திட்டாகக் கொட்டி, தோலில் பொடுகும் சொறியும் தெரிந்தால் அது நிறமாற்றம் இல்லை. பூச்சியோ காளானோ இருக்கலாம். முயலைப் பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொன்று, அறுவைக்காக மழித்த முயலின் தோலில் நீலக் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். எங்கெல்லாம் புது ரோமம் வேரில் வளர்ந்துகொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் நிறமி தோல் வழியே தெரியும். வர இருக்கும் நிறத்தைக் கொஞ்சம் முன்கூட்டியே பார்க்கக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் அது.

பெங்களூரில் நாய்க்கும் பூனைக்கும் இருக்கும் கரிசனம் முயலுக்கு இன்னும் வந்துசேரவில்லை. நிறம் மாறி, உருவம் பெருத்து, குட்டித்தனம் போனபின் பூங்காவிலும் ஏரிக்கரையிலும் கொண்டுபோய் விடப்படுகிற முயல்கள் உண்டு. விடுகிறவர்கள், காட்டு முயல் வாழ்கிறதே, இதுவும் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு விலங்கு. வீட்டு முயலுக்கு ஓடத் தெரிந்த அளவு ஒளியத் தெரியாது. வெள்ளை ரோமத்தோடு புல்லில் உட்கார்ந்திருக்கும் அதைத் தெருநாய் முதல் இரவிலேயே கண்டுபிடித்துவிடும்.

முயல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கூண்டுக்கு முன்னால் நின்று நிறத்தைக் கேட்காதீர்கள், வயதைக் கேளுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விலைக்கு வாங்காதீர்கள். வாங்குகிறவர் இல்லை என்றால் விற்கிறவரும் பிரிக்க மாட்டார். கேரட்டும் முட்டைக்கோசும் முயலின் உணவு என்பதைப் படக்கதையோடு விட்டுவிட்டு, காய்ந்த புல்லும் அறுகம்புல்லும் தினமும் எங்கே கிடைக்கும் என்று முதலில் விசாரியுங்கள். வீட்டில் உள்ள பிள்ளைகளிடம் இது வேறு நிறமாக மாறக்கூடும் என்று கொண்டுவந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர்கள் அதை நம்மைவிடச் சுலபமாக ஏற்றுக்கொள்வார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு முயல் எட்டு முதல் பத்து ஆண்டு வாழும். அதன் நிறம் முதல் ஆறு மாதத்துக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். மீதமுள்ள ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்க முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள்.